வண்டி மெதுவாகப் போகட்டும்!

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போய்வந்தாலும், அங்கே என்ன பார்த்தோம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பதைத்தான் சொல்வார்கள். "ஏழு மணிக்குக் கிளம்பினோம். எட்டரை மணிக்குப் பழவேற்காடு!" என்பார் வீட்டுக்காரர், ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தவர் மாதிரி. "வழியில் என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "வழியில் என்ன இருக்கும்? ரோடுதான் இருந்தது!" என்று பதில் வரும்.

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கைதான். ரயில், தான் நிற்க வேண்டிய ஸ்டேஷனில்தான் நிற்கும். பஸ், கண்டக்டரின் விசிலுக்குக் கட்டுப்பட்டது. நினைத்த இடத்தில் நின்று, இஷ்டமான மட்டும் இருந்து, பிறகு புறப்படும் சுதந்திரம் சொந்தக் கார் ஒன்றுக்குத்தான் உண்டு. அதற்காகத்தான் கடன் வாங்கிக் கார் வாங்குகிறோம். வாங்கிய பிறகு அந்த ஒரு சுதந்திரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உபயோகிக்கிறோம்!

வேகத்துக்குப் பெயர் போன நாடு ஜப்பான். டோக்கியோவுக்கும் ஒஸாகாவுக்கும் இடையே 'ஷிங்கான்ஸென்' ரயிலை 1964ஆம் ஆண்டிலேயே ஓடவிட்டவர்கள் அவர்கள். அதே ஜப்பானியர்கள்தான் நாட்டுப்புறச் சாலைகளில் 'மிச்சி நோ எக்கி' என்று ஓர் ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். 'சாலை நிலையம்' என்று அதற்கு அர்த்தம். காரை இலவசமாக நிறுத்தலாம். சுத்தமான கழிவறை இரவும் பகலும் திறந்திருக்கும். பக்கத்துக் கிராமத்தில் விளைந்த காய்கறியும், அந்த ஊர்ப் பெண்கள் போட்ட ஊறுகாயும் அங்கே விற்பனைக்கு இருக்கும். பல இடங்களில் விளைவித்தவரின் பெயரைக்கூடக் கட்டின்மேல் ஒட்டியிருப்பார்களாம். 1993இல் முறையாகத் தொடங்கிய இந்த நிலையங்கள் இன்று 1,200க்கும் மேல். காரில் வருகிறவன் நின்றால்தான் கிராமம் பிழைக்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நாம் இதைப் பரீட்சித்துப் பார்க்க ஜப்பானுக்கு விமானம் ஏற வேண்டாம். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே, ஒரு மணல் திட்டின்மேல் லைட்ஹவுஸ் குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரே ஒரு நிபந்தனை: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகக்கூடாது.

பாலைவனத்தில் ஒரு நிழல்

பொழுது விடியும்போதே புறப்பட்டுவிடுவது நல்லது. செங்குன்றம் தாண்டி, காரனோடைப் பாலத்தில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து, தச்சூர் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் பொன்னேரி. அதுவரை லாரிகளின் ராஜ்யம். கூட்டுரோட்டில் திரும்பியதும், யாரோ ரேடியோவை நிறுத்தியதுபோல் ஓர் அமைதி.

பொன்னேரி, ஆரணி ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர். அகஸ்தீசுவரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் அங்கே உண்டு. காப்பி சாப்பிட வேண்டியவர்கள் இங்கேயே சாப்பிட்டுவிடலாம். பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை: ஜப்பானிய சாலை நிலையம் நம் பக்கத்தில் இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் கை கால் கழுவ, குழந்தைகளை அழைத்துப்போக எல்லாம் பொன்னேரியிலேயே ஓர் இடம் பார்த்து முடித்துக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

அங்கிருந்து ஏரிக்கரை 20 கிலோமீட்டருக்குள்தான். இந்த இருபதையும் இருபது நிமிஷத்தில் விழுங்கிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் வயல், வரப்பெல்லாம் பனை. நடுவில் திருப்பாலைவனம் என்று ஓர் ஊர் வரும். பாலைவனம் என்றதும் ஒட்டகத்தைத் தேட வேண்டாம்! பாலை மரங்கள் நிறைந்த வனம் என்பதால் வந்த பெயர் அது. சுவாமியின் பெயர் பாலீசுவரர். கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்ப்பதற்கு இந்த வட்டாரத்து மர நிழலைவிட வசதியான இடம் கிடையாது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எந்த ஊரிலும் ஒரே ருசிதான் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

அதற்கப்புறம் காற்றில் உப்பு வாடை வரத் தொடங்கும். நெல் வயல் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்து, தரை வெளுத்துக்கொண்டே போகும். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏரி வருமுன்பே ஏரி வந்துவிடும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கைலிக்குப் பெயர் கொடுத்த ஊர்

இன்றைக்குப் பழவேற்காட்டு வீதிகளைப் பார்த்தால், இது ஒரு காலத்தில் உலக வர்த்தகம் நடந்த பட்டணம் என்று சொல்ல முடியாது. ஹாலந்து நாட்டு டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1613இல் இங்கே 'கெல்டிரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கெல்லாம் இதுவே அவர்களுடைய தலைமையிடமாக இருந்தது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கடைசியாக 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதர்தான் மிச்சம்.

இந்தக் கோட்டைக்காரர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்கள்? துணிக்காக! இந்தப் பக்கத்து நெசவாளிகள் நெய்த கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாகக் கீழ்த்திசை நாடுகளுக்குப் போயிற்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர். 'பெலிக்காட்' வேறு எதுவும் இல்லை; 'புலிகாட்' என்று வெள்ளைக்காரர்கள் வழங்கிய நமது பழவேற்காடுதான். கோலாலம்பூர்க் கடையில் கைலி வாங்குகிறவர், தாம் ஒரு தமிழ்நாட்டு ஏரிக்கரையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம் என்று அறிவாரோ என்னவோ!

துணி மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட மனிதர்களையும் இதே துறையிலிருந்து டச்சுக் கப்பல்கள் அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றிச் சென்றன. ஊரில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது இதை நினைத்துக்கொண்டு போவது நல்லது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்த இடத்தின் வாசல் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் பயப்படாது, மிகவும் ரசிக்கும்! உள்ளே வியாபாரிகளும் அவர்களுடைய மனைவி மக்களும் வேலைப்பாடு மிகுந்த கற்பலகைகளின் கீழ்த் தூங்குகிறார்கள். கப்பலேற்றப்பட்டவர்களுக்கு எந்தக் கரையிலும் கல் இல்லை.

கோயில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. விஜயநகரக் காலத்தது. செம்பூராங்கல்லில் சின்னஞ்சிறு சிற்பங்களாக ராமாயணக் கதை அங்கே உண்டு. கிட்டே நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். நிதானமில்லாதவர்களுக்கு அது வெறும் சுவராகத்தான் தெரியும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஒரு காலத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போவதென்றால் படகுதான். கல்யாணச் சீர்வரிசை, கர்ப்பிணிப் பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எல்லாமே படகில்தான் அக்கரை போக வேண்டும். இப்போது ஏரியின்மேல் பாலம் இருக்கிறது. பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்து போகட்டும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால், ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், கழி ஊன்றிக் கட்டிய வலைகள், நங்கூரமிட்ட படகுகள். இந்தியாவிலுள்ள உப்பங்கழி ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும் பகுதி ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பரப்புதான் பெரிதே தவிர ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது.

பாலம் இறங்கியதும் டிரைவர் ஸீட்டில் இருப்பவருக்கு மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, சாலையோரத்தில் மீனும் வலையும் காய்ந்துகொண்டிருக்கும். அது அவர்களுடைய முற்றம், நம்முடைய 'பார்க்கிங்' அல்ல. வலையின்மேல் சக்கரம் ஏறினால் ஒரு குடும்பத்தின் முதலீடு கிழிந்துவிடும். இரண்டாவது, கடற்கரை மணலில் காரை இறக்கக்கூடாது. இறக்கியவர்களின் வண்டியைத் தள்ளிவிடுவது குப்பத்து வாலிபர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உத்தியோகமாகிவிடுகிறது! மூன்றாவது, கடல் இங்கே அழகாக இருக்கிறதே தவிரச் சாது அல்ல. காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் பெயர் கொடுத்த கலங்கரை விளக்கம் கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே ஏரி. வடக்கே, முகத்துவாரத்துக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. ஒரு காலத்தில் சென்னை அடுப்புகளுக்கு விறகு அந்தத் தீவிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் வந்துகொண்டிருந்தது. இன்று அங்கிருந்துதான் ராக்கெட்டுகள் புறப்படுகின்றன. 2023 ஜூலை 14ஆம் தேதி சந்திரயான்-3 சந்திரனுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். ராக்கெட் விடும் நாளில் இந்தப் பகுதி மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்துவிடும். சந்திரனுக்கு ஒன்று போகிறதென்றால் இங்கே ஒரு நாள் வருமானம் போகிறது! கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்று உனக்கு, நாளை எனக்கு

இந்த ஏரியில் நான் கண்ட எல்லா அதிசயங்களிலும் பெரிய அதிசயம் கண்ணுக்குத் தெரியாதது. அதற்குப் 'பாடு' என்று பெயர்.

ஏரி முழுவதும் ஒரே மாதிரி மீன் கிடைப்பதில்லை. கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்துக்கு அருகே, நீரோட்டம் உள்ள இடங்களில் இறால் நிறைய அகப்படும். மற்ற இடங்களில் கொஞ்சம்தான். பலசாலி நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் கதி என்ன? இதற்குத்தான் பழவேற்காட்டுப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களுக்கு நல்ல இடங்கள் முறைவைத்து வரும். ஊருக்குள்ளே சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று தீர்மானிப்பார்கள். இன்று நல்ல இடம் உனக்கு; நாளை எனக்கு. முறை வராதவன் காத்திருப்பான். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பு மீனவர்களிடமும் இதுபோலக் குலுக்கிப் பங்கிடும் வழக்கம் இருக்கிறது.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லவில்லை. பாடு ஆண்கள் பெயரில்தான். பாட்டு உரிமை இல்லாத குப்பங்களும் உண்டு. அதனால் மனஸ்தாபங்களும் வந்திருக்கின்றன. ஆனாலும், சுங்கச் சாவடியில் ஒரு வண்டி முந்திக்கொண்டால் கண்ணாடியை இறக்கிச் சண்டைக்குப் போகும் நாம், சோறு போடும் தண்ணீரையே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஜனங்களிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

கூடையும் தராசும்

படகு கரை சேர்ந்த பிறகு ராஜ்யம் பெண்களுடையது. மீனைத் தரம் பிரிப்பது, ஏலம் கேட்பது, கூடையில் சுமந்து விற்பது, விற்காததை உப்பிட்டுக் காயவைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஏரியின் ஆழமில்லாத சேற்றில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் உண்டு. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பனையோலையால் முடைந்த 'பறி' என்னும் சிறு கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் இப்படி! இறால் தொக்கு வைக்கும்போது அந்தக் கூடை ஞாபகத்துக்கு வந்தால், விலையைப் பற்றி நாம் கொஞ்சம் குறைவாகப் பேசுவோம்.

மீன் சாப்பிடுகிற வீட்டாருக்கு இங்கே கொடுவா, மடவை, கிழங்கான், இறால், நண்டு எல்லாம் கிடைக்கும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளபளவென்று துருத்திக்கொண்டிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலே வர வேண்டும். வீட்டிலிருந்தே ஒரு பெட்டியும் ஐஸும் கொண்டுபோனால் ஊர் திரும்பும்வரை கெடாது. "என்னம்மா, இவ்வளவு விலையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "எடுத்துக்கம்மா, ஏரி மீனு" என்பார்கள். ஒரு முறை கேட்கலாம், தப்பில்லை. நான்கு முறை கேட்பதற்கு அவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழித்துக்கொண்டு வந்திருக்க வேண்டாம்.

சைவ வீட்டாருக்கும் ஏமாற்றமில்லை. இந்த வட்டாரத்துப் பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை, தட்டு என்று முடைகிறார்கள். சாயம் தோய்த்த ஓலையில் கட்டம் போட்டு முடையும் நேர்த்தியைப் பார்த்தால், துணியில் இருந்த கட்டம்தான் ஓலைக்கு இடம் மாறிவிட்டதோ என்று தோன்றும். கொலுவுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க இதைவிட லட்சணமான பெட்டி உண்டா? பிளாஸ்டிக் டப்பாவைப் போல் பத்து வருஷம் கழித்து ஏரியிலும் மிதக்காது.

தலைகீழாகச் சாப்பிடும் விருந்தாளிகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். நீண்ட கால், வளைந்த கழுத்து, இறக்கையில் இளஞ்சிவப்பு. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாம் மாவு சலிப்பதுபோல் சேற்று நீரைச் சலித்துச் சாப்பிடும் பறவை இது. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். சாப்பிடும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள சத்துதான் பிறகு அந்தச் சிவப்பைக் கொடுக்கிறது. சாப்பாட்டால் நிறம் வருகிறது என்று நம் பாட்டிமார் சொன்னால் சிரிக்கிறோமே, பூநாரையிடம் சிரிக்க முடியுமா? கூழைக்கடாவும் பலவகை நாரைகளும் கூடவே இருக்கும். ஆனால் கிட்டே போனால் எழுந்து பறந்துவிடும். தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, எஞ்ஜினை அணைத்துவிட்டு, தூரதரிசனிக் கண்ணாடியில் பார்ப்பதே மரியாதை. இங்கேயும் நிதானமுள்ளவருக்குத்தான் தரிசனம்.

படகில் போய்ப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். 2011 டிசம்பர் 25ஆம் தேதி, பண்டிகை நாளில், உல்லாசமாகச் சென்ற படகு ஒன்று இங்கே கவிழ்ந்து 22 பேர் மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. யாராவது அழைத்துப்போகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரையில் நின்றாலே கண் நிறைந்துவிடும்.

ஏரி எத்தனை நாள் இருக்கும்?

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது இந்தக் குப்பங்களும் தப்பவில்லை. அதைத் தாங்கிக்கொண்டு எழுந்தவர்களை இன்று மெல்ல மெல்ல நெருக்குவது வேறு. அலை கொண்டுவந்து குவிக்கும் மணலால் முகத்துவாரம் அடிக்கடி அடைபட்டுப் போகிறது. அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது. கடலிலிருந்து இறால் குஞ்சு வராது. படகு கடலுக்குப் போகவும் முடியாது. இருபுறமும் கல் கொட்டி முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கும் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தினால் கரை அரிக்கும், ஏரி கெடும் என்று மீனவர்கள் எதிர்த்து வந்திருக்கிறார்கள். மண் படிந்து ஏரியின் ஆழமும் குறைந்து வருகிறது. மீன் குறைந்தால், முறை வந்தும் பயன் என்ன? பங்கிட ஒன்றும் இல்லாதபோது பாடும் தானாகவே மறைந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை காரில் போகும் நம்மால் முகத்துவாரத்தைத் திறக்க முடியாது. துறைமுகத்தைத் தீர்மானிக்கவும் முடியாது. நம்மால் முடிவது சிறிது. கொண்டுபோன குப்பையைத் திரும்ப வண்டியிலேயே எடுத்து வரலாம். மீனையும் ஓலைப் பெட்டியையும் அங்கேயே, முடைந்தவர், பிடித்தவர் கையில் காசு கொடுத்து வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரைத் தெரிந்துகொண்டு திரும்பலாம். தெரிந்த ஊருக்கு ஒரு கஷ்டம் என்று பத்திரிகையில் படித்தால் மனம் பதறும். எண்பது மைல் வேகத்தில் கடந்த ஊருக்காக யாரும் பதறியதில்லை.

வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டுவிடுங்கள்; இருட்டுக்கு முன் கூட்டுரோட்டை எட்டுவது நல்லது. வீட்டுக்கு வந்தால் காரின் தரைவிரிப்பெல்லாம் மணலாக இருக்கும். மறுநாள் காலையில் உதறிக்கொள்ளலாம்; அதற்கும் ஒன்றும் அவசரமில்லை.